போலிஷில் 'இரண்டு'க்கு ஏன் ஐந்து வடிவம்? ஸ்லாவிய எண்களும் பாலும்

#1 | வளவன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. போலந்தில் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் முதுகலை படிக்கிறேன். போலிஷ் வகுப்பில் இப்போது எண்கள் நடக்கின்றன. 'ஒன்று' எளிதாகப் புரிந்தது: ஆண்பாலுக்கு யெதென், பெண்பாலுக்கு யெத்னா, நடுப்பாலுக்கு யெத்னோ. நம்மிடமும் ஒருவன், ஒருத்தி, ஒன்று இருக்கிறதே.

சிக்கல் இரண்டில் தொடங்குகிறது. மேசை, நாய், ஜன்னல் என்றால் த்வா. பெண்கள் என்றால் த்வியே. 'புத்தகம்' பெண்பால் சொல் என்பதால் அதற்கும் த்வியே. ஆண்கள் என்றால் த்வய், இல்லையென்றால் த்வூஹ், இரண்டும் சரியாம். ஆணும் பெண்ணுமாக இருவர் என்றால் த்வோயே. மொத்தம் ஐந்து. ஐந்தாம் எண்ணுக்குப் போனால் பெண்பால், நடுப்பால் வேறுபாடு காணாமல் போய்விடுகிறது, ஆண்களுக்கு மட்டும் தனி வடிவம் மிஞ்சுகிறது. அதோடு வினை ஒருமையாகிவிடுகிறது. 'ஐந்து பெண்கள் வந்தது' என்பது மாதிரி!

ஆசிரியர் "வழக்கம் அப்படி" என்று சொல்லிவிட்டார். எனக்குக் காரணம் தெரிந்தால்தான் மனதில் நிற்கும். இதற்குள் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா?

#2 | இலக்கணப்பித்தன்

தம்பி, ஒழுங்கு இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் இன்றைய போலிஷை மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாது, ஆயிரம் ஆண்டு பின்னால் போக வேண்டும்.

ஸ்லாவிய மொழிகளில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இலக்கிய வடிவம், 9-ஆம் நூற்றாண்டில் சிரில், மெத்தோடியஸ் சகோதரர்களின் மொழிபெயர்ப்புப் பணியோடு எழுத்துக்கு வந்த பழைய சர்ச் ஸ்லாவோனிக். அதில் ஒருமை, இருமை (சரியாக இரண்டை மட்டும் குறிக்கும் வடிவம்), பன்மை என்று மூன்று எண்கள் உண்டு. ஒன்று முதல் நான்கு வரையான எண்ணுச்சொற்கள் பெயரடை போல நடந்தன, அதாவது எண்ணப்படும் பொருளின் பாலை வாங்கிக்கொண்டன. 'இரண்டு' என்பதற்கு ஆண்பாலில் துவா, பெண்பாலிலும் நடுப்பாலிலும் துவே. மூன்றுக்கும் நான்குக்கும்கூட ஆண்பாலில் ஒரு வடிவம், மற்ற இரண்டு பாலுக்கும் வேறொரு வடிவம்.

ஐந்துக்கு வந்ததும் கதை மாறுகிறது. ஐந்து பெயரடை அல்ல, அதுவே ஒரு பெயர்ச்சொல். அதுவும் பெண்பால் பெயர்ச்சொல், ஒருமையில் உள்ளது. எனவே 'ஐந்து மேசைகள்' என்று அவர்கள் சொல்லவில்லை, 'மேசைகளின் ஐந்து' என்றார்கள். மேசை ஆறாம் வேற்றுமைப் பன்மையில் நிற்கும். வாக்கியத்தின் தலைச்சொல் 'ஐந்து', அது ஒருமை, எனவே வினையும் ஒருமை. நீங்கள் வியந்த 'ஐந்து பெண்கள் வந்தது' அங்கிருந்து வந்ததுதான். பெண்கள் அங்கே எழுவாய் வேற்றுமையிலேயே இல்லை, ஆறாம் வேற்றுமையில் இருக்கிறார்கள். பின்னாளில் ஐந்து தன் பெண்பாலை இழந்தது, வினையும் நடுப்பால் ஒருமைக்கு மாறி அங்கேயே நின்றுவிட்டது.

சமஸ்கிருதம் படித்தவர்களுக்கு இது பழகிய இடம். த்வௌ ஆண்பால், த்வே பெண்பாலுக்கும் நடுப்பாலுக்கும். த்ரய:, திஸ்ர:, த்ரீணி என்று மூன்றுக்கு மூன்று பால். நான்குக்கும் அப்படியே. பஞ்ச என்று வந்ததும் பால் வேறுபாடு நின்றுவிடுகிறது. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே ஓடும் அந்தக் கோடு இரு குடும்பங்களுக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து வந்தது.

#3 | கயல்

பித்தன் ஐயா சொன்னதை ரஷ்ய மொழியில் வைத்துப் பார்த்தால் இன்னும் துலக்கமாகத் தெரியும். நான் ரஷ்யனில் இருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவள், தினமும் இதோடுதான் பொழுது போகிறது. (தமிழ் எழுத்தில் ஒலி முழுதாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஒரு மேசை: அதீன் ஸ்தோல். இரண்டு மேசை: த்வா ஸ்தலா. ஐந்து மேசை: ப்யாத் ஸ்தலோவ். புத்தகம் பெண்பால், எனவே இரண்டு புத்தகம்: த்வே க்னீகி. 'இருவரும், இரண்டும்' என்பதற்கும் பால் உண்டு, ஓபா, ஓபே என்று. ஒன்றரைக்குக்கூட உண்டு! ஒன்றரை மணி நேரம் பல்தரா, ஏனென்றால் 'மணி' ஆண்பால். ஒன்றரை நிமிடம் பல்தரீ, 'நிமிடம்' பெண்பால்.

இரண்டு, மூன்று, நான்குக்குப் பிறகு ரஷ்யனில் பெயர்ச்சொல் ஆறாம் வேற்றுமை ஒருமையில் வரும் என்று பாடப்புத்தகம் சொல்லும். பார்க்க அப்படித்தான் இருக்கும், வேர் வேறு. அது செத்துப்போன இருமையின் மிச்சம். ரஷ்யனில் இருமை 13 முதல் 15-ஆம் நூற்றாண்டுக்குள் வழக்கொழிந்தது. ஆண்பால் சொற்களில் இருமை வடிவமும் ஆறாம் வேற்றுமை ஒருமையும் தோற்றத்தில் ஒன்றாக இருந்ததால் மக்கள் அதை ஆறாம் வேற்றுமை என்றே எடுத்துக்கொண்டார்கள், மூன்றுக்கும் நான்குக்கும் அதையே நீட்டிவிட்டார்கள்.

இதற்குக் காதால் கேட்கக்கூடிய சான்று ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 'மணி' என்ற சொல் ச்சாஸ். சாதாரண ஆறாம் வேற்றுமையில் அழுத்தம் முதல் அசையில் விழும். ஆனால் 'இரண்டு மணி' என்னும்போது அழுத்தம் கடைசி அசைக்குத் தாவும். 'காலடி', 'வரிசை' போன்ற சில சொற்களிலும் இதே கதை. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், வாயில் வேறு. மாஸ்கோவில் இரண்டு, மூன்று, நான்கு மணிக்கு யாரிடம் மணி கேட்டாலும் பதிலில் பழைய இருமையின் அழுத்தம் கேட்கும்.

#4 | தெற்குவாசல்

கயல் அக்கா, 21க்கு என்ன ஆகும்? மென்பொருள் இடைமுகங்களை மொழிபெயர்க்கும் கோப்புகளில் வேலை செய்கிறேன். ரஷ்யனுக்குக் குறைந்தது மூன்று வடிவம் கேட்கிறது. தமிழுக்கு ஒருமை, பன்மை என்று இரண்டு போதும். ரஷ்யனில் 21 நாள் என்பது 1 நாள் இருக்கும் பெட்டியில் போய் விழுகிறது, 11 நாள் விழுவதில்லை. ஆனால் போலிஷில் 21, 1-இன் பெட்டியில் இல்லை!

#5 | கயல்

ஆமாம் தம்பி. ரஷ்யனில் கடைசிச் சொல்தான் ஆட்சி செய்யும். 21 பெண்கள் என்றால் 'இருபது ஒருத்தி பெண்' என்பது போல, பெண் ஒருமையில்தான் வரும், 'ஒன்று' பெண்பாலில் வரும். 22 என்றால் கடைசியில் த்வே. 11 முதல் 19 வரை ஒரே சொல்லாக ஒட்டிவிட்டதால் அதற்குள் இருக்கும் ஒன்றும் இரண்டும் வேலை செய்யாது, ஐந்தைப் போலவே நடக்கும்.

போலிஷ் வேறு வழி பிடித்தது. அங்கே 21-இல் உள்ள யெதென் உறைந்துபோன வடிவம். 21 பெண்கள் என்றாலும் ஆண்பால் யெதென்தான் நிற்கும், பெண்கள் ஆறாம் வேற்றுமைப் பன்மையில் வருவார்கள். 22-இல் மட்டும் த்வியே மறுபடி உயிர்பெறும்.

#6 | தெற்குவாசல்

சரி, அதனால்தான் போலிஷ் சூத்திரத்தில் 'ஒன்று' என்ற பெட்டி 1 என்ற எண்ணுக்கு மட்டும் இருக்கிறது. நிரலில் பார்த்ததற்கு இப்போது காரணம் கிடைத்தது. ஸ்லோவேனியனுக்கு நான்கு பெட்டி: 1, 2, 3–4, மற்றவை. 101, 102 எல்லாம் அதே கணக்கில் திரும்ப வரும். ஒரு குறை: இந்தப் பெட்டிகள் எண்ணைத்தான் பார்க்கின்றன, பாலைப் பார்ப்பதில்லை. "2 புதிய செய்திகள்" என்று இலக்கமாகக் காட்டும் வரை பிழைத்துக்கொள்ளலாம். 'இரண்டு' என்று எழுத்தில் போட வேண்டும் என்றால் எது இரண்டு என்று தெரிந்தாக வேண்டும்.

#7 | நீலா_லுப்லியானா

ஸ்லோவேனியாவின் பெயர் வந்துவிட்டதால் நானும் சேர்ந்துகொள்கிறேன். இங்கே இருமை இன்றும் உயிரோடு இருக்கிறது, கடையிலும் பேருந்திலும் அன்றாடம் புழங்குகிறது. ஸ்லாவிய மொழிகளில் இப்படி இருமையைக் காப்பாற்றியவை ஸ்லோவேனியனும், ஜெர்மனியின் கிழக்கு மூலையில் பேசப்படும் சோர்பிய மொழிகளும்தான். 'நாங்கள் இருவர்' என்பதற்கே பால் உண்டு: மித்வா என்றால் இரண்டு ஆண்கள், அல்லது ஆணும் பெண்ணும், மித்வே என்றால் இரண்டு பெண்கள். நானும் என் தோழியும் பேசும்போது வினைச்சொல்லும் இருமையில்தான் முடியும். மூன்றிலும் பால் இருக்கிறது: ஆண்பாலுக்கு த்ரியே, மற்றதுக்கு த்ரி. பித்தன் ஐயா சொன்ன அந்தப் பழைய ஏற்பாடு இங்கே அப்படியே நடக்கிறது.

இதில் ஒரு வியப்பு. இருமை உள்ள மொழி, எனவே கை, கால், கண் போன்ற இயற்கை இரட்டைகளுக்கு முதலில் இருமையைத்தான் பயன்படுத்தும் என்றுதானே நினைப்போம்? இல்லை. கால் வலிக்கிறது என்றால் பன்மைதான். 'இரண்டு கால்களும்' என்று எண்ணை வெளிப்படையாகச் சொன்னால்தான் இருமை வரும். இரண்டு என்பது சொல்லாமலே தெரிந்த இடத்தில் அதைக் குறிக்கத் தேவையில்லை போலும்.

செக் மொழியில் இதற்கு நேர் எதிர். இருமை அங்கே ஒழிந்துவிட்டது, ஆனால் கை, கால், கண், காதுகளில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 'நீலக் கண்களோடு' என்னும்போது கண்ணுக்கு மட்டுமல்ல, 'நீல' என்ற பெயரடைக்கும் பழைய இருமை விகுதி 'மா' வந்துவிடும்: மொத்ரீமா ஓச்சிமா. மற்றப் பெயர்களுக்கு மொத்ரீமி.

#8 | மல்லிகா

படித்துக்கொண்டே வருகிறேன், ஒன்று உறுத்துகிறது. போலிஷில் ஆண்களுக்கு மட்டும் தனி எண், தனி வினை. பெண்கள், நாய்கள், மேசைகள் எல்லாம் ஒரே பக்கம். நம் உயர்திணையில் ஆணும் பெண்ணும் சேர்ந்துதானே இருக்கிறார்கள்? இருவர், மூவர், ஐவர் என்றால் யாராகவும் இருக்கலாம். மொழியே இப்படிப் பெண்ணை விலக்கி வைத்தால் பேசுகிறவர்களுக்கு வலிக்காதா?

#9 | இலக்கணப்பித்தன்

அம்மா, கேள்வி நியாயமானது. பன்மையில் போலிஷ் போட்டிருக்கும் கோடு ஆண் மனிதர் ஒரு பக்கம், ஏனைய எல்லாம் மறுபக்கம் என்பதுதான். எண் சொல்லாமல் 'பெண்கள் வந்தார்கள்' என்றால் வினை ப்ஷிஷ்வி. அவர்களோடு ஒரே ஒரு ஆண் சேர்ந்தால் வினை ப்ஷிஷ்லி ஆகிவிடும். ரஷ்யனில் பன்மை வினைக்குப் பாலே கிடையாது, யார் வந்தாலும் ஒரே வடிவம்தான்.

இது எப்படி வந்தது என்று மட்டும் சொல்கிறேன். பழைய ஸ்லாவியத்தில் இந்தப் பிரிவு இல்லை. அங்கே ஆண்பால் பன்மை என்றால் ஆண், நாய், மேசை எல்லாம் ஒன்றுதான். எழுவாய்க்கு ஒரு வடிவம், செயப்படுபொருளுக்கு இன்னொன்று. பின்னாளில் பொருள்களுக்கும் விலங்குகளுக்கும் செயப்படுபொருள் வடிவமே எழுவாயாகவும் வழங்கத் தொடங்கியது. பழைய எழுவாய் வடிவம் ஆண் மனிதர்களிடம் மட்டும் தங்கியது. யாரும் உட்கார்ந்து பெண்ணைக் கீழே வைக்கலாம் என்று திட்டமிட்டதில்லை. ஆனால் விளைவு நீங்கள் சொல்வதுதான், அதை நான் மறுக்க மாட்டேன்.

தெலுங்கையும் பாருங்கள். ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒரே வினை. பன்மையில் ஆணும் பெண்ணும் சேர்ந்துகொள்கிறார்கள். கோடு எங்கே விழும் என்பது மொழிக்கு மொழி மாறுகிறது.

#10 | வளவன்

ஐயா, த்வய், த்வூஹ் இரண்டும் ஆண்களுக்கே ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

#11 | இலக்கணப்பித்தன்

த்வய் என்பது எழுவாய் வடிவம், வினை பன்மையில் வரும்: த்வய் ஸ்துதென்ச்சி ப்ஷிஷ்லி (இரண்டு மாணவர்கள் வந்தார்கள்). த்வூஹ் என்பது ஆறாம் வேற்றுமை வடிவம், அதுவே எழுவாயின் இடத்துக்கு ஏறி வந்திருக்கிறது. வினை ஐந்துக்கு வருவது போல நடுப்பால் ஒருமையில் வரும்: த்வூஹ் ஸ்துதென்துஃப் ப்ஷிஷ்வோ. அதாவது ஐந்தின் இலக்கணம் கீழே இறங்கி இரண்டு, மூன்று, நான்கையும் பிடித்துவிட்டது, ஆனால் ஆண்களுக்கு மட்டும். பேச்சில் நீங்கள் அதிகம் கேட்கப்போவது இந்த த்வூஹ்தான்.

எனக்கு இந்த விஷயத்தில் முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. கிரெவில் கார்பெட் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் ஸ்லாவிய எண்களை வைத்து அதைத் தெளிவாகக் காட்டினார். எண் சிறியதாக இருந்தால் பெயரடை போல நடக்கும், பெரியதாகப் பெரியதாகப் பெயர்ச்சொல் போல நடக்கும். ரஷ்யனையே எடுங்கள். ஒன்றுக்கு மூன்று பாலும் உண்டு, வேற்றுமையிலும் ஒத்துப்போகும். இரண்டில் பெண்பால் ஒருபுறம், மற்ற இரண்டும் ஒருபுறம். மூன்று, நான்கில் பால் இல்லை. ஐந்தில் ஆறாம் வேற்றுமைப் பன்மை வந்துவிடுகிறது. ஆயிரம் (தீசிச்சா) என்றதும் அது முழுப் பெண்பால் பெயர்ச்சொல், இரண்டாயிரம் என்றால் த்வே தீசிச்சி. மில்லியன் ஆண்பால், இரண்டு மில்லியன் என்றால் த்வா.

கவனியுங்கள், பால் மறைந்துபோய் மறுபடி திரும்புகிறது. கீழே எண்ணுக்குச் சொந்தப் பால் இல்லை, எண்ணப்படுவதன் பாலைக் கடன் வாங்குகிறது. மேலே எண்ணுக்கே சொந்தமாகப் பால் வந்துவிடுகிறது, ஆயிரம் ஆண்கள் நின்றாலும் ஆயிரம் பெண்பால்தான். நடுவில் இருப்பவை இரண்டும் இல்லாதவை. ஸ்லாவிய எண்களில் குழப்பம் என்று மாணவர்கள் சொல்வதில் முக்கால்வாசி இந்த ஏற்றத்தின் படிகள்தான்.

#12 | செந்தூரன்

பெல்கிரேடில் கொஞ்சக் காலம் இருந்தனான். செர்பியனைச் சொல்லாமல் விட ஏலாது. அங்கே 'அவர்கள் இருவரும்' என்று சொல்ல மூன்று வழி. ஞிஹ் த்வே என்றால் இரண்டு பெண்கள். ஞிஹ் த்வோயே என்றால் ஆணும் பெண்ணும், பெரும்பாலும் தம்பதி. ஞிஹ் த்வோயித்ஸா என்றால் இரண்டு ஆண்கள். இந்தக் கடைசிச் சொல்தான் அழகு: ஆண்களுக்கு மட்டுமே வழங்கும் சொல், ஆனால் வேற்றுமை ஏற்கும்போது பெண்பால் பெயர்ச்சொல் போலவே திரியும். சொல்லின் பால் வேறு, ஆளின் பால் வேறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நான் காணவில்லை.

பல்கேரியனிலும் ஆண்கள் உள்ள குழுவுக்கு த்வாமா, த்ரீமா, பெதீமா என்று தனி எண்கள் உண்டு. ஆட்களை எண்ணும்போது தூஷி என்று ஒரு சொல் சேர்ப்பார்கள், வேர்ப்பொருள் 'ஆன்மாக்கள்'. நாங்கள் 'அஞ்சு பேர்' என்று சொல்கிற மாதிரித்தான் வேலை செய்யும். பல்கேரியன் வேற்றுமைகளை ஏறக்குறைய முழுதாக விட்டுவிட்ட மொழி. ஆனாலும் இருமை அங்கே விநோதமாகப் பிழைத்திருக்கிறது: இரண்டு மேசைக்கு இருந்த வடிவம் ஐந்து, பத்து, நூறு என்று எல்லா எண்ணுக்கும் பரவிவிட்டது. பெத் ஸ்தோலா என்பார்கள். எண் இல்லாமல் வெறும் 'மேசைகள்' என்றால் ஸ்தோலொவே. ஆண்பால் அஃறிணைச் சொற்களுக்குத்தான் இது, மனிதர்களுக்குச் சாதாரணப் பன்மையே முறை.

#13 | கயல்

செந்தூரன் சொன்ன அந்த மூன்று வழி மொழிபெயர்ப்பாளருக்குப் பெரிய பொறுப்பு. தமிழ்க் கதையில் 'இருவரும் படியிறங்கிப் போனார்கள்' என்று எழுதிவிட்டு, அவர்கள் யார் என்று இரண்டு பக்கம் மறைத்து வைக்கலாம். செர்பியனில் முதல் சொல்லிலேயே உடைந்துவிடும். எதிர்த்திசையில் வரும்போது நமக்கு இழப்பு. ரஷ்யனில் த்வோயெ, த்ரோயெ என்று ஒரு வரிசை உண்டு. ஆண்கள் உள்ள குழு, குழந்தைகள், அப்புறம் பன்மையிலேயே வழங்கும் சொற்களுக்கு (கத்தரிக்கோல், ஓர் இரவும் பகலும் சேர்ந்த 'நாள்') அது வரும். பெண்கள் மட்டும் என்றால் இலக்கணப்படி வராது, த்வே என்றுதான் சொல்ல வேண்டும். ஆக த்வோயெ என்று வந்தாலே அந்தக் கும்பலில் பெண்கள் மட்டும் இல்லை என்று ரஷ்ய வாசகருக்குத் தெரிந்துவிடும். தமிழில் 'இருவர்' என்று போட்டதும் அந்தச் செய்தி உதிர்ந்துவிடுகிறது. முக்கியமான இடமென்றால் 'ஆட்கள்', 'பையன்கள்' என்று வேறெங்காவது அதைக் கொண்டுவந்து சேர்ப்பேன்.

பாலோடு தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எண்ணின் பொருளே இடம் மாறினால் மாறும். ப்யாத் லெத் என்றால் ஐந்து ஆண்டு. திருப்பி லெத் ப்யாத் என்றால் ஏறக்குறைய ஐந்து ஆண்டு. 'போல', 'சுமார்' எதுவும் சேர்க்க வேண்டாம். நாம் 'ஒரு அஞ்சு வருஷம்' என்று முன்னால் 'ஒரு' போடுவதைப் போன்ற வேலையைச் சொல்வரிசையே செய்துவிடுகிறது.

#14 | தெற்குவாசல்

நடுப்பால் பற்றி ஒரு சின்னக் கேள்வி. பழைய மொழியில் 'இரண்டு' நடுப்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒன்று என்றீர்கள். ரஷ்யனில் ஆண்பாலோடு சேர்ந்துவிட்டதே?

#15 | இலக்கணப்பித்தன்

சரியாகக் கவனித்தீர்கள். செக், ஸ்லோவாக், ஸ்லோவேனியன், பல்கேரியன் எல்லாம் பழைய கூட்டணியைக் காத்தன, நடுப்பால் பெண்பாலோடு. ரஷ்யன், உக்ரேனியன், போலிஷ், செர்பியன் போன்றவற்றில் நடுப்பால் ஆண்பால் பக்கம் போய்விட்டது. ஒருமையில் ஆண்பாலும் நடுப்பாலும் பெரும்பாலான வேற்றுமைகளில் ஒரே விகுதி கொண்டவை. அந்த இழுப்பே காரணமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

#16 | வளவன்

அனைவருக்கும் நன்றி. இப்போது பட்டியலாக இல்லாமல் ஒரு வரலாறாகத் தெரிகிறது. கடைசியாக ஒன்று: உணவகத்தில் இரண்டு பேருக்கு மேசை கேட்க வேண்டும். கூட வருகிறவர் ஆணா பெண்ணா என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த 'இரண்டு'?

#17 | கயல்

'ஓசோபா' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், 'நபர்' என்று பொருள், இலக்கணப்படி பெண்பால். இரண்டு ஆண்கள் வந்தாலும் த்வியே ஓசோபி என்பது சரி, வினையும் பெண்கள் பக்க வடிவத்திலேயே வரும். மல்லிகாவுக்கும் இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். உணவகத்தில் 'இரண்டு பேருக்கு' என்பது ஆறாம் வேற்றுமையில் வரும், அங்கே எல்லாப் பாலுக்கும் த்வூஹ் ஒன்றுதான்: ஸ்தோலிக் த்லா த்வூஹ் ஓசூப். ஐந்து பேர் என்றால் த்லா பியென்ச்சு ஓசூப்.